கொல்லி காவலன் பாடிய புலம்பல்

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களின் வரிசையில் கொல்லிமலை இல்லை. ஆயினும் நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்திலே கொல்லியின் பெயர் உண்டு. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இத்திருவிழாவைச் சேவிக்கச் சோளக்காட்டிற்கு வந்திருக்கும் அன்பர்களுள் பலர் இதனைக் கேட்டிருக்கமாட்டார்கள். சேரர் குலத்துதித்த குலசேகராழ்வார் தம்மைக் கொல்லி காவலன் என்று கூறிக்கொள்கிறார்.

இம்மலை சேரர் வசமான வரலாறே ஒரு துயர வரலாறு. வள்ளல் வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவனை மலையமான் திருமுடிக்காரி போரிலே கொன்று, மலையைச் சேரனுக்கு அளித்தான் என்று அகநானூறு குறிக்கிறது. அன்று முதல் சேர மன்னர் கொல்லியைத் தம் பெருமையாகப் பேசலாயினர். பல நூற்றாண்டுகளுக்குப் பின், அரச வாழ்வை விட்டு அரங்கன் அடியார்களோடு கூட விரும்பிய ஒரு சேரமன்னர் அந்தப் பெயரைத் தம் பாசுரத்திலே பொறித்தார்.

அவர் அப்பெயரைப் பொறித்த இடங்களுள் ஒன்றுதான் வியப்புக்குரியது. பெருமாள் திருமொழி 10 பதிகங்களும் 105 பாசுரங்களும் கொண்டது. அதன் ஏழாம் பதிகம் தேவகியின் புலம்பல். கண்ணனுடைய பிள்ளைமையைக் காணப் பெறாத தாயின் அழுகை அது. வெற்றிப் பாட்டின் முடிவில் அரசன் தன் நாட்டின் பெயரைச் சொல்வது உலக வழக்கு. ஆழ்வாரோ ஒரு தாயின் ஆற்றாமையைப் பாடி முடித்து, அதன் கீழே கொல்லியின் பெயரை முத்திரையாக வைத்தார். ஆதலின் மனத்துயரைப் பற்றிய ஒரு வினாவை இம்மலையிலிருந்து ஆராய்வது பொருத்தமேயாகும்.

வினா இது

எம்பெருமான் கீதையிலே அர்ச்சுனனுக்கு உபதேசத்தைத் தொடங்கும்போது, வருந்தத் தகாதவர்களுக்காக வருந்துகிறாய் என்றான். முடிக்கும்போதும், சரம சுலோகத்திலே, வருந்தாதே என்றான். அவ்வாறிருக்க, அவனுக்கே ஆட்பட்ட ஆழ்வார்கள் ஏன் வருந்தி வருந்திப் பாடினார்கள்? அப்பாடல்களை நாம் ஏன் திருவிழாக் காலத்திலும் ஓதுகிறோம்? நடந்தது நடந்துவிட்டது, அழுதால் மீளுமோ? இவ்வாறு கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் நியாயமும் உண்டு.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையையும் வைத்து, அது பிறக்கும் இடங்களை நான்காக வகுத்தார். பிறரால் இகழப்படுதல், உடையதை இழத்தல், முன்னை நிலையிலிருந்து தாழ்தல், வறுமை என்பன அவை. தானே செய்த செயலை நினைந்து உருகும் பச்சாத்தாபம் அங்கே தனித்து எண்ணப்படவில்லை. இழத்தலுக்குள்ளேயே அதை அடக்கிக் கொள்ளலாம். எனினும் வாழ்க்கையில் இவ்விரண்டும் வேறு. குற்றமின்றி இழந்தவன் வேறு, குற்றத்தால் இழந்தவன் வேறு. குலசேகரர் இவ்விரண்டையும் பிரித்து, ஏழாம் பதிகத்தில் ஒன்றையும் ஒன்பதாம் பதிகத்தில் மற்றொன்றையும் பாடியருளினார். முன்னது தேவகியின் புலம்பல். பின்னது தயரதனின் புலம்பல்.

தேவகியின் துயர்

கஞ்சன் மாண்டான், சிறை நீங்கிற்று, கண்ணன் அன்னையின் எதிரே வந்துவிட்டான். இனி அழுவதற்கு என்ன இருக்கிறது? ஆயினும் அவள் அழுகிறாள். வந்தவன் வளர்ந்த பிள்ளை. அவள் இழந்ததோ தவழ்ந்த பிள்ளையை. மகன் மீண்டான், அவனுடைய மழலை மீளவில்லை. இந்த நுட்பத்தை உணர்ந்தாலன்றி அப்பதிகத்தின் அழகு விளங்காது.

அதனை ஆழ்வார் எவ்வாறு புலப்படுத்துகிறார்? பதிகத்தைத் தாலாட்டாகத் தொடங்குகிறார். தாலாட்டு என்பது தொட்டிலில் குழந்தை கிடக்கும்போது பாடுவது. இங்கே குழந்தையும் இல்லை, தொட்டிலும் இல்லை. தாலாட்டு மட்டும் இருக்கிறது. துயரத்தைச் சொல்லும் சொற்கள் வருவதற்கு முன்பே பாட்டின் வடிவமே அதனைச் சொல்லிவிடுகிறது. அப்பாசுரத்தின் முடிவிலே தேவகி, தாயர் எல்லாருள்ளும் தான் கடைப்பட்டவள் என்கிறாள்.

அடுத்து, இழந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். எல்லாவற்றையும் இழந்தேன் என்று ஒரு சொல்லால் சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொன்னால் கேட்பவர் நெஞ்சில் ஒன்றும் பதியாது. ஆயர் மகளிர் குழந்தையை மடியில் இருத்தி, உன் தந்தை யார் என்று கொஞ்சிக் கேட்கிறார்கள். குழந்தை விரலாலும் கடைக்கண்ணாலும் நந்தகோபனைக் காட்டுகிறது. அந்தச் சிறு சைகை நந்தனுக்குக் கிடைத்தது. பெற்ற வசுதேவனுக்குக் கிடைக்கவில்லை. வெண்ணெய் அளைந்த சிறுகை, தாம்பைக் கண்டு அஞ்சிய முகம், அழுகை, கூப்பிய கை ஆகிய இவற்றைக் கண்ட யசோதை இன்பத்தின் எல்லையையே கண்டுவிட்டாள் என்று தேவகி எண்ணி ஏங்குகிறாள். அவள் பட்டியலிலே அரசும் செல்வமும் இல்லை. குழந்தையின் விரல் இருக்கிறது, கண் இருக்கிறது, வெண்ணெய் இருக்கிறது.

மூன்றாவது, வஞ்சப் புகழ்ச்சி என்று அணியிலக்கணத்தார் கூறும் முறை. புகழ்வது போலப் பழிப்பது அது. தேவகி அதனைப் பிறர்மேல் ஏவாமல் தன்மேல் ஏவிக்கொள்கிறாள். நஞ்சு தீற்றிய முலையைக் கொடுத்த பூதனைகூட உன் வாய் படப் பெற்றாள்; நானோ முலையை வீணே சுமந்தேன்; உனக்கு நல்ல தாய்தான் வாய்த்தாள் என்னும் கருத்துப்படப் பேசுகிறாள். பழியெல்லாம் அவள்மேலேயே வந்து நிற்கிறது.

ஆனால் அவள் செய்த குற்றம் யாது? யாதொன்றும் இல்லை. ஆழ்வாரும் அவள் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. தன்னைக் கடைப்பட்டவள் என்று அவள் சொன்னாலும், பதிகத்தை முடிக்கும்போது ஆழ்வார் அவளைத் தெய்வத்தன்மை உடையவளாகவே குறிப்பிடுகிறார். துன்பப்பட்டவர் தம்மை இழிவாக நினைப்பது இயல்பு. அருகில் இருப்பவர் அந்த நினைவைத் திருத்த வேண்டும் என்னும் தருமமும் இங்கே கிடைக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயையும், பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்ணையும், பாவத்தின் பயன் என்று சுட்டிப் பேசும் நாக்கு நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. அந்த நாக்கிற்கு ஆழ்வாரிடம் இடமில்லை.

தயரதனின் துயர்

ஒன்பதாம் பதிகம் வேறு வகை. இங்கே புலம்புபவன் குற்றமற்றவன் அல்லன். வரம் கொடுத்தவன் அவன், தடுக்காதவன் அவன். வான்மீகி பகவான் அருளியபடி, இராமன் வனம் சென்ற ஆறாம் நாள் இரவிலே, முன்பு தன் அம்பினால் ஒரு முனிகுமாரன் மாண்ட பழைய பாவத்தையும் கோசலையிடம் சொல்லி அழுது, அவ்விரவே உயிர் நீத்தான்.

ஆழ்வார் பாடிய தயரதனும் வஞ்சப் புகழ்ச்சியால்தான் தொடங்குகிறான். கைகேயியின் சொல்லைக் கேட்டு, மகனே, உன்னை நன்றாகத்தான் உலகாள வைத்தேன் என்கிறான். கைகேயியின் பெயர் வருகிறது. ஆனால் வாக்கியம் அவளோடு நிற்காமல் அவனிடமே வந்து முடிகிறது. குற்றத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் பேச்சன்று இது.

அதன்பின் முரண் அணி வருகிறது. நேற்று யானையும் தேரும் குதிரையும், இன்று கால்நடை. நேற்று மென்மையான படுக்கை. இன்று காட்டு மரநிழலில் கல். இம்முரணை அவன் வினாவாக்குகிறான். எவ்வாறு நடந்தாய்? கல்லின்மேல் உறங்கவும் கற்றுக்கொண்டாயோ? விடை சொல்பவன் அங்கே இல்லை. விடையில்லாத வினாவைப் போல் நெஞ்சை அறுப்பது வேறில்லை.

அன்பர்கள் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவன் கேட்கும் கேள்விகளிலே வினைமுற்றுகள் முன்னிலையில் இருக்கின்றன. நடந்தவன் நீ, கல்லில் படுத்தவன் நீ. நான் எவ்வளவு துன்பப்படுகிறேன் பார் என்று அவன் தொடங்கவில்லை. அவன் மனக்கண் தன்னைப் பார்க்கவில்லை; மகனுடைய பாதத்தைப் பார்க்கிறது.

இதுவே மெய்யான வருத்தத்திற்கும் பொய்யான வருத்தத்திற்கும் உள்ள வேற்றுமை. பொய்யான வருத்தம் தன்னையே சுற்றிச் சுற்றி வரும். என் மனம் உடைந்தது, என் தூக்கம் போயிற்று, என்னைப்போல் பாவி உண்டோ என்று சொல்லிச் சொல்லி, அதிலே ஒருவகைச் சுவையும் காணும். திரைப்படத்தின் சோகப் பாட்டுகளிலும் இவ்விரு வகையும் உண்டு. சில நம்மைப் பிறர் துன்பத்தை நோக்கித் திருப்புகின்றன. சில நம்முடைய துன்பத்திலேயே நம்மை மயங்க வைத்துவிடுகின்றன. பாட்டின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தால் போதும். வேடன் எய்த பறவையின் துணையழுகையைக் கேட்டு வான்மீகியின் சோகம் சுலோகமாயிற்று என்பார்கள். ஆதிகாவியமும் பிறர் துயரைக் கண்ட இரக்கத்திலேதான் பிறந்தது.

தயரதன் வேண்டுவதும் நோக்கத்தக்கது. உன்னையும் உன் தாயின் வருத்தத்தையும் எண்ணாமல், என் சொல்லை மெய்யாக்குவதற்காகக் காடு புகுந்தாயே என்று நெகிழ்ந்து, ஏழ் பிறப்பிலும் உன்னையே மகனாகப் பெற வேண்டும் என்கிறான். குற்றத்தை மறக்க அவன் வரம் கேட்கவில்லை. குற்றம் செய்யப்பட்டவனோடுள்ள உறவே மீண்டும் வேண்டும் என்கிறான்.

இரண்டு பயன்கள்

பதிகத்தின் இறுதியிலே பயன் சொல்வது ஆழ்வார்கள் மரபு. பாடினால் நலம் என்று பொதுவாகச் சொன்னதாக எண்ணிக் கடந்துவிடுகிறோம். இவ்விரு பதிகங்களின் பயனையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தேவகியின் புலம்பலைக் கற்றவர் விரைவில் நாரணன் உலகை அடைவர் என்றார். தயரதனின் புலம்பலைக் கற்றவர் தீய வழியிலே செல்லார் என்றார்.

குற்றமற்ற துயருக்கு எம்பெருமானே மருந்து. குற்றத்தால் வந்த துயருக்கு, மேலும் அந்த வழியில் நடவாமையே முதல் மருந்து. தாய் தந்தையரைக் கடைசிக் காலத்தில் கவனியாமல் விட்டு, அவர்கள் போனபின் திவசத்தன்று விம்முகிறவர் உண்டு. உடன்பிறந்தானோடு நிலத்துக்காகப் பேச்சை நிறுத்தி, அவன் பாடையைக் கண்டு அழுகிறவர் உண்டு. அவர்களுக்கு ஆழ்வார் காட்டும் வழி இது. உன் அழுகையைச் சற்று நிறுத்து. அவர்கள் என்ன இழந்தார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார். எந்தப் பிணியில் கேட்க ஆளின்றிக் கிடந்தார்கள், எந்தப் பண்டிகையில் வாசலைப் பார்த்திருந்தார்கள் என்று நினை. நினைத்தபின், அதே நிலையில் இன்று உயிரோடிருக்கும் ஒருவரிடம் செல். தயரதனுக்குக் காலம் மிஞ்சவில்லை, நமக்கு மிஞ்சியிருக்கிறது.

வருந்தாதே என்றது யாரை?

இனி முதல் வினாவிற்கு வருவோம். வருந்தாதே என்னும் வார்த்தை வருந்துகிறவனுக்கே உரியது. பிணியில்லாதவனிடம் மருத்துவன் அஞ்சாதே என்று சொல்லுவதில்லை. சரணாகதியின் ஆறு அங்கங்களுள் கார்ப்பண்யம் ஒன்று. தன் கையில் ஒன்றுமில்லை என்று உணர்ந்து நிற்கும் நிலை அது. வருத்தம் முதிர்ந்து அந்நிலைக்கு வந்தால் எம்பெருமானுடைய வார்த்தை அங்கே பலிக்கும்.

ஐந்தாம் பதிகத்திலே, இன்றைய பாலக்காடு மாவட்டத்திலுள்ள திருவித்துவக்கோட்டு எம்பெருமானிடம் குலசேகரர் உவமைகளை அடுக்குகிறார். தாய் சினந்து தள்ளினாலும் அவளையே நினைந்து அழும் குழவி. அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடமே அன்பு நீங்காத நோயாளி. கடலெங்கும் பறந்து கரை காணாமல் மரக்கலத்தின் கூம்பிற்கே மீளும் பறவை. இவ்வுவமைகளின் உள்ளே இருப்பது ஒரே கருத்து. துன்பம் அவன் கையால் வந்ததாகத் தோன்றினாலும் போக்கிடம் அவனன்றி வேறில்லை. இதனையே பெரியோர் அநந்யகதித்வம் என்பர்.

ஆகவே ஆழ்வார்கள் வருந்தியது பகவானுடைய கட்டளையை மீறியதன்று. அக்கட்டளை வந்து சேரும் வாசலைத் திறந்ததேயாகும்.

கொல்லி காவலன் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அந்த அரசர், வேங்கடமலையிலே பறவையாகவும் மீனாகவும் மரமாகவும், கோயில் வாயிலில் படியாகவும் கிடக்க விரும்பினார். அதனாலேயே கருவறை வாயிற்படிக்குக் குலசேகரன் படி என்ற பெயர் வழங்குகிறது. சேவிக்க வரும் அன்பர்கள் தத்தம் துயரங்களோடு வரலாம். அவற்றை மறைக்க வேண்டுவதில்லை. அந்தப் படியின் எதிரே நிற்கும்போது, நம் வருத்தத்தின் முகம் நம்மை நோக்கியிருக்கிறதா, நம்மால் வருந்தியவரையும் எம்பெருமானையும் நோக்கியிருக்கிறதா என்று ஒருகணம் சிந்தித்தல் நலம்.

குலசேகராழ்வார் திருவடிகளே சரணம்.