தாதியின் சொல்லும் தாயின் சம்மதமும்

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் குழந்தையோடு கிளினிக்குக்குப் போகும் நாளில் அரைப் பேரோ முழுப் பேரோ, அதாவது அன்றைய கூலி, கைவிட்டுப் போகலாம். ஆனாலும் போகிறாள். குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி., இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் பென்டா ஊசியும் போலியோ சொட்டும், ஒன்பதாம் மாதத்தில் எம்.எம்.ஆர். என்று அட்டவணை நீள்கிறது. இலங்கையில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978இல். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை. 2019இல் தட்டம்மை ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கிய மருத்துவிச்சிகளுக்கும், கூலியை இழந்து வந்து நின்ற தாய்மாருக்கும் இந்தப் பெருமையில் பெரிய பங்குண்டு.

தாதி ஒருவர் தடுப்பூசி பற்றிய தன் சொந்தக் கருத்தைப் பெற்றோரிடம் சொல்லலாமா என்ற கேள்வி மேலைநாடுகளில் பெரும்பாலும் ஊசியை மறுக்கும் பெற்றோரை முன்வைத்து எழுகிறது. மலையகத்தில் மறுப்பவர்கள் அரிது. இங்கே கேள்வி வேறு வடிவில் வருகிறது. "மிஸி, ஒங்க புள்ளைக்கும் இந்த ஊசிய போட்டீங்களா?"

இதைக் கேட்கும் தாய் மருத்துவ விளக்கம் எதையும் எதிர்பார்க்கவில்லை. எதிரில் நிற்பவரை நம்பலாமா என்றே பார்க்கிறாள். அதற்கு "போட்டேன்" என்று தாதி உண்மையாகச் சொல்வதில் ஒரு தவறும் இல்லை. வாயை மூடிக்கொண்டால்தான் சிக்கல். அந்த மௌனத்தைத் தாய் தன் பயத்துக்கு ஏற்றபடி அர்த்தப்படுத்திக்கொள்வாள். பிரித்தானியத் தாதியர், மருத்துவிச்சியர் கவுன்சிலின் நெறிக்கோவைகூடத் தனிப்பட்ட நம்பிக்கைகளைப் பொருத்தமற்ற முறையில் வெளியிடக் கூடாது என்றுதான் சொல்கிறது. பேசவே கூடாது என்று சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவின் தாதியர், மருத்துவிச்சியர் சபை 2016இல் இன்னும் கறாராக அறிவித்தது: தொழிலின் பெயரால் தடுப்பூசிக்கு எதிரான கருத்தைப் பரப்புவோர் நடவடிக்கைக்கு உள்ளாகலாம்.

அந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. சீருடையில் இருப்பவர் சொல்லும் எதுவும் கேட்பவருக்குச் சொந்தக் கருத்தாகப் போய்ச் சேர்வதில்லை, ஆஸ்பத்திரியே சொன்னதாகத்தான் போய்ச் சேரும். "எனக்கென்னவோ இந்த ஊசியில் அவ்வளவு நம்பிக்கையில்லை" என்று தாதி வீட்டுத் திண்ணையில் சொன்னால் அது ஒரு பேச்சு. அதையே எடை பார்க்கும் தராசின் பக்கத்தில் நின்று சொன்னால், கேட்ட தாய்க்கு அதைச் சரிபார்க்க வேறு இடம் கிடையாது. அடுத்த மருத்துவர் டவுனில் இருக்கிறார். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். இன்னொரு பேரும் போகும். தப்பிப்போன ஊசியின் விலையைக் கொடுக்கப்போவது, பத்தடிக்குப் பத்தடி லயக் காம்பராவில் இருமும் பிள்ளையும் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும்தான்.

அப்படியானால் ஊசிக்குச் சாதகமான கருத்தை எப்படி வேண்டுமானாலும் சொல்லிவிடலாமா? இங்கேதான் தோட்டத்தின் வரலாறு குறுக்கே வருகிறது.

இந்த மக்களின் மூதாதையரில் பலர் தோட்ட வேலைக்கு வரும் வழியில் தமிழகக் கரையின் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, கப்பலேற்றப்பட்டவர்கள். அன்றைக்கு யாரும் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. பிற்காலத்தில், 1980 தொடக்கம், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டப் பெண்களிடம் அந்தச் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்பதை மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கியது. தடுப்பூசி வேறு, கருத்தடை வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பிழை. என்றாலும், வெள்ளை உடுப்புக்காரர் சொன்னால் மறுபேச்சில்லை என்ற பழக்கம் இரண்டுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தின்மேல் நின்று ஊசி போடுவது எளிது. அது எளிதாக இருப்பதே கவலைக்குரியது.

அமெரிக்காவில் டக்ளஸ் ஓப்பலும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்தச் சொல்லின் பலத்தை வேறு கோணத்தில் காட்டுகிறது. மருத்துவருக்கும் பெற்றோருக்கும் இடையே நடந்த 111 உரையாடல்களை அவர்கள் ஒளிப்பதிவு செய்து பார்த்தார்கள். தயக்கமுள்ள பெற்றோர் வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். "இன்றைக்கு இந்த ஊசிகள் போட வேண்டும்" என்று மருத்துவர் தொடங்கியபோது 26 சதவீதத்தினர் எதிர்ப்புக் காட்டினார்கள், "என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்ற தோரணையில் தொடங்கியபோது 83 சதவீதத்தினர். இதைப் படிக்கும் சுகாதார அதிகாரி எவருக்கும், கேள்வியே வேண்டாம், உறுதியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். ஊசி நல்லது என்பதால் அந்த உறுதி நியாயமானதே. ஆனால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் தினமும் உத்தரவு கேட்டு வளர்ந்த ஒருத்திக்கு உறுதியான பரிந்துரையும் இன்னோர் உத்தரவாகவே கேட்கும். ஆகவே அந்த உறுதியோடு கூடவே சில விஷயங்களும் அவள் காதில் விழ வேண்டும்: இது எந்த நோய்க்கு, இன்றிரவு காய்ச்சல் வரலாம், வந்தால் என்ன கொடுப்பது, எப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது. "என் பிள்ளைக்கும் போட்டேன்" என்பது இவற்றுக்குப் பிறகு வர வேண்டிய சொல். இவற்றின் இடத்தில் அதை மட்டும் வைத்தால், தாயின் அறியாமையைத் தாதி பயன்படுத்திக்கொண்டதாகிவிடும்.

இனி மிகச் சிக்கலான நிலை: தாதிக்கே உண்மையில் சந்தேகம் இருக்கிறது. பொய் சொல்லச் சொல்வதா?

இதற்கு இலங்கையின் அனுபவத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2008 ஜனவரியில் பென்டா ஊசி அறிமுகமானது. மூன்று மாதங்களுக்குள், ஊசியை ஒட்டிய காலத்தில் நான்கு குழந்தைகள் இறந்ததாகவும், 24 குழந்தைகள் உடல் துவண்டு கூப்பிட்டால் அசையாத நிலைக்குப் போனதாகவும் அறிக்கைகள் வந்தன. அந்த மருந்துத் தொகுதி நிறுத்தப்பட்டது. 2009 ஏப்ரலில் இன்னொரு மரணம் பதிவானதும் பென்டாவே நிறுத்திவைக்கப்பட்டது. உள்நாட்டு, வெளிநாட்டு நிபுணர்கள் சுயாதீனமாக ஆராய்ந்த பின் 2010இல் மறுபடி தொடங்கியது. களத்தில் கண்ணால் கண்டவை நாள், நேரம், தொகுதி எண்ணோடு எழுதி மேலே அனுப்பப்பட்டதால்தான் நாடு தழுவிய ஒரு திட்டத்தையே நிறுத்திப் பார்க்க முடிந்தது. அதே விஷயத்தை ஒருவர் தாய்மாரின் காதில் மட்டும் கிசுகிசுத்திருந்தால் சில பிள்ளைகள் ஊசியில்லாமல் போயிருப்பார்கள். மருந்தை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

தாதி கண்டது வேறு, கருதுவது வேறு. கண்டதை எழுதி மருத்துவ அதிகாரியிடம் கொடுப்பது அவருடைய கடமை. அதைத் தடுக்கும் மேலதிகாரிதான் குற்றவாளி. கருத்து மட்டும் என்றால் அதை வாதிட வேண்டிய இடம் பயிற்சி அறையும் அதிகாரியின் மேசையும். தாய் கேட்டு, மனச்சாட்சிப்படி உறுதி சொல்ல முடியாமல் போனால், "இதைப் பற்றி டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று சொல்லி உடன் போகலாம். அதில் பொய் இல்லை, தாயும் கைவிடப்படவில்லை.

இவ்வளவையும் தாதியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. 2017 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்து பெற்றோரைக் கலங்கடித்தன. அப்படிப்பட்ட செய்தி நல்ல தமிழில் வருகிறது. கடல் தாண்டி லயத்துக் கைபேசிக்கு வர அதற்கு நிமிடங்கள் போதும். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய குடும்பநல உத்தியோகத்தருக்கு, அதாவது மருத்துவிச்சிக்கு, தமிழ் தெரியாவிட்டால் அவருடைய அறிவு, அன்பு, நேர்மை எதுவும் அந்தத் தாயிடம் போய்ச் சேராது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. ஆனால் தோட்டப்புறத்தில் தமிழ் பேசும் மருத்துவிச்சிகளின் பற்றாக்குறை இன்றும் தீரவில்லை. தாதி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று விதி எழுதும் சுகாதார அமைச்சு, சொல்வதைப் புரியவைக்கக்கூடிய ஆட்களை அக்கரப்பத்தனைக்கும் டயகமவுக்கும் நியமிக்க வேண்டும். தாய் கேள்வி கேட்டு முடிக்கும் வரை காத்திருக்க அவர்களுக்கு நேரமும் கொடுக்க வேண்டும்.