துடிக்கும் இன்ஜின், நெளியாத வண்டி

அண்ணாமலையைச் சுற்றும் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாட்களில், விடியற்காலையில் என் பழைய புல்லட்டில் செங்கம் சாலைப் பக்கம் போய்வருவேன். வேகம் ஐம்பதைத் தாண்டினால் கை மரத்துப்போகும். வளைவில் வண்டி நெளியும். மெக்கானிக், இன்ஜினை ஃபிரேமோடு பிணைக்கும் முன் பிளேட்டின் போல்ட்டை உருவிக் காட்டினார். வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது.

துடிப்பு கைக்கு வராமலிருக்க இடையில் ரப்பர் வைத்துவிடலாமா என்று கேட்டேன். "வேணாம் சார், இதுல இன்ஜினும் ஃபிரேம்ல ஒரு பாகம்" என்றார். உண்மைதான். 1955 முதல் சென்னையில் உருவான அந்தப் பழைய புல்லட்டில் இன்ஜினுக்கு அடியில் ஃபிரேம் கிடையாது. அந்த இடைவெளியை இன்ஜினே நிரப்புகிறது. பிரிட்டனின் நார்ட்டன் கமாண்டோ பைக், இன்ஜினை ரப்பரில் மிதக்கவிட்டது. அங்கும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மை இன்ஜினோடு சேர்த்தே கட்டினார்கள். ரப்பரின் பக்கவாட்டு இடைவெளி கொஞ்சம் கூடினாலும் வண்டி அலைபாயும்.

மனதுக்கும் இதே கேள்விதான்: அதன் நடுக்கத்தை விலக்கி வைப்பதா, அதோடு சேர்ந்தே நிலைப்பதா? 1896-ல் 16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி, இங்குள்ள கோயிலின் பாதாள லிங்கச் சந்நிதியில் உடலை மறந்து அமர்ந்திருந்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, பின்னாளில் ஆசிரமச் சமையலறையில் விடியுமுன் அவர் காய் நறுக்கியது. உலகத்திலிருந்து தன்னைக் கழற்றிக்கொள்ளாத அமைதி அது. நான் தேடுவதும் அதைத்தான்.

துளையை வெல்டு வைத்து அடைத்து, மறுபடி டிரில் போட்டு, புது போல்ட்டை முறுக்கினார் மெக்கானிக். சிலிண்டர் ஹெட் பிராக்கெட்டையும் இறுக்கினார். இன்ஜின் இப்போதும் துடிக்கிறது. வளைவில் வண்டி நெளிவதில்லை.