ஆயாக் கொட்டகை இருந்த இடம்

தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிக்கும் முன்பே லயத்து அடுப்புகள் எரியத் தொடங்கிவிடும். தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டோடு இருட்டாகத் தாய் ஆயாக் கொட்டகைக்கு நடப்பாள். அங்கே விட்டத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். வெயில் ஏறி அவள் வேலை முடித்துத் திரும்பும்வரை பிள்ளை ஆயாவின் பொறுப்பு.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வளர்ந்த பலருக்கு இது நேற்று நடந்ததுபோல் இருக்கும். பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை! பால்மரக் காடுகளுக்கும் செம்பனை வரிசைகளுக்கும் நடுவே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளை இந்தக் கொட்டகைகள்தாம் பார்த்துக்கொண்டன.

அந்த ஆயா எந்தக் கல்லூரியிலும் படித்தவள் இல்லை. ஆனால் நூறு பிள்ளைகளைத் தூக்கிய கை அது. நான்கு மாதம் தாண்டியும் கழுத்து நிற்காத பிள்ளை, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளை அவள் கண்ணுக்குத் தப்பாது. "இந்தப் பிள்ளைய கொஞ்சம் பாரும்மா" என்று தாயிடம் மெல்லச் சொல்லக்கூடிய உரிமையும் அவளுக்கு இருந்தது.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. அறிந்த பிறகு என்ன செய்வது என்பது யாருக்கும் தெரியாது. மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். "போன ஜென்மத்துப் பாவம்" என்று ஒரு வார்த்தையைத் தாயின் தலையில் போட்டுவிட்டுப் போனார்கள். விருந்தாளி வந்தால் உள்ளறையில் வைத்துக் கதவு சாத்தப்பட்ட பிள்ளைகளும் அதே லயங்களில்தான் இருந்தார்கள்.

இன்று லயங்கள் பெரும்பாலும் காலி. தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். நம் குடும்பங்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங் பக்கத்துத் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் இடம் மாறிவிட்டன. வீடு சொந்தமானது நல்ல விஷயம். ஆனால் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டால் உள்ளே ஒரு தாய் ஆட்டிசம் உள்ள மகனோடு எப்படிப் போராடுகிறாள் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தாலும் வருவது ஆறுதல் வார்த்தைதான்: "அவங்க தாத்தாவும் அஞ்சு வயசுலதான் பேசினாராம், சரியாயிடும்." அன்போடுதான் சொல்கிறார்கள். அந்த அன்பை நம்பி இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்துவிட்டால், இளம் வயதுப் பயிற்சியால் கிடைத்திருக்கக்கூடிய பலன் எவ்வளவோ நழுவிப் போகிறது.

மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம் வேண்டும். ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முந்தைய இரவிலும், போய் வந்த பிறகு வரும் எல்லா இரவுகளிலும், அந்தத் தாய்க்குத் தேவைப்படுவது இன்னொரு தாய். இதே பாதையில் நாலு அடி முன்னால் நடந்து போனவள்.

இப்படி ஊர்த்துணையை அடித்தளமாக வைத்தே மலேசியாவில் ஓர் ஏற்பாடு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. 1984-இல் கோலத்திரங்கானு வட்டாரத்தின் பத்து ராக்கிட்டில், 55 பேரோடு சமூக நல இலாகா தொடங்கிய 'பெமுலிஹான் டாலாம் கொமுனித்தி' (சமூகத்திலேயே மறுவாழ்வு), சுருக்கமாகப் பி.டி.கே. மாற்றுத்திறனாளியைத் தூரத்து விடுதிக்கு அனுப்பாமல், அவர் வாழும் ஊரிலேயே, வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு பயிற்சி கொடுப்பதுதான் அதன் எண்ணம். இன்று நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. மானியம் அரசாங்கம் கொடுக்கிறது. நடத்துவது உள்ளூர்க்காரர்களின் செயற்குழு. பெற்றோர் போய் உட்காரவேண்டிய நாற்காலிகள் அந்தக் குழுவில்தான் இருக்கின்றன.

அங்கே பேச்சு மலாய் மொழியில் நடக்கும். பேரனை வளர்க்கும் பாட்டிக்கோ தமிழ்தான் கைகொடுக்கும். வாசல்வரை வந்து தயங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கனவே உள்ளே போய் வந்த ஒரு தமிழ்த் தாய் கூட வந்தால் தயக்கம் பாதியாகக் குறையும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேச்சு தாமதப்படும் பிள்ளையிடம் தமிழை விட்டுவிட்டு ஒரே மொழியில் பேசச் சொல்லும் அறிவுரை நம்மிடையே உலவுகிறது. பேச்சுப் பயிற்சி வல்லுநர்கள் சொல்வது வேறு: வீட்டில் எந்த மொழி இயல்பாக வருகிறதோ, அந்த மொழியிலேயே பிள்ளையோடு நிறையப் பேசுங்கள்.

ஒரு பெற்றோர் இன்னொரு பெற்றோருக்கு என்ன கொடுத்துவிட முடியும்? ஒரு குவளையைப் பார்ப்போம். மூளை முடக்குவாதம் உள்ள சில பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதே பெரும்பாடு. சாதாரணக் குவளையைக் கவிழ்த்துக் கொடுக்கும்போது அதன் விளிம்பு மூக்கில் இடிக்கும். இடிக்காமலிருக்கப் பிள்ளையின் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். சாய்த்தால் உடம்பு விறைக்கும், புரை ஏறும், தண்ணீர் நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் குவளை ஒன்றை எடுத்து, மூக்குப் படும் பக்கத்தில் பிறை நிலா வடிவத்தில் கத்தரியால் வெட்டி, ஓரத்தை வழவழப்பாக்கிவிட்டால், பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை சற்றே முன்னால் இருக்கும்படி தண்ணீர் கொடுக்கலாம். செலவு ஒரு வெள்ளிகூட ஆகாது.

மெக்சிகோவின் மலைக் கிராமம் ஒன்றில் மாற்றுத்திறனாளிகளே நடத்திய மறுவாழ்வு நிலையத்தின் அனுபவத்தைக் கொண்டு டேவிட் வெர்னர் 1987-இல் ஒரு பெரிய கையேட்டை வெளியிட்டார். ஏழைக் கிராமத்தில் கிடைக்கும் மரத்துண்டு, அட்டை, பழைய சக்கரம் இவற்றை வைத்தே நாற்காலியும் நடைவண்டியும் எப்படிச் செய்வது என்று படம் போட்டுக் காட்டும் நூல் அது. பெற்றோருக்குள் கை மாறிப் பரவும் அறிவு இந்த வகையானது.

தமிழகத்திலும் இத்தகைய முயற்சிகள் பாதிக்கப்பட்டவர்களிடமிருந்தே ஆரம்பித்தன. மூளை முடக்குவாதம் உள்ள மகனை வளர்த்த பூனம் நடராஜன் என்ற தாய் 1985-இல் சென்னையில் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர் அமைப்பு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், விபத்தில் கை கால் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அதன் களப்பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், தாய்க்கும் கற்றுத் தருகிறார்கள். தோட்டப்புறத்து மக்கள் கவனிக்கவேண்டிய முன்மாதிரி இது. கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகிறதே!

உலகச் சுகாதார நிறுவனமும் இதே வழிக்கு வந்திருக்கிறது. இரண்டு முதல் ஒன்பது வயதுவரை வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக அது உருவாக்கிய பயிற்சி, ஒன்பது குழுச் சந்திப்புகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்டது. விளையாட்டிலும் குளியலிலும் சாப்பாட்டிலும் பிள்ளையைப் பேச்சுக்கு எப்படி இழுப்பது என்பதுதான் பாடம். சிறப்பு மருத்துவர் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே அதை நடத்தலாம்.

காகித வேலையிலும் முன்னால் போனவரின் துணை பெரிது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ், மருத்துவரின் உறுதிப்படுத்தலோடு சமூக நல இலாகாவில் பதிந்தால் ஓ.கே.யூ. எனும் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கும். அட்டை வாங்கினால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடும் என்று பயந்து தள்ளிப்போடும் பெற்றோர் உண்டு. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் உதவிகள் பலவற்றுக்கும் அந்த அட்டைதான் திறவுகோல். பள்ளியில் சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் அலவன்ஸ் உண்டு. 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கைப்படி எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது. இவை தெரியாமலேயே பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

பெற்றோர் கூடிப் பேச மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். பூசை முடிந்த பிறகு கோயில் மண்டபம் காலியாகத்தான் இருக்கும். பாய் விரிக்க இடமுண்டு, மின்விசிறி உண்டு, பிள்ளை கத்தினாலும் யாரும் முறைக்கப்போவதில்லை. முதல் ஞாயிறு இரண்டே குடும்பங்கள் வரலாம். ஒரு தாய் பையிலிருந்து வெட்டிய குவளையை எடுத்து மகனுக்குத் தண்ணீர் கொடுப்பாள். இன்னொருத்தி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எந்தக் கடையிலக்கா வாங்கினீங்க?" என்று கேட்பாள்.