கை நீட்டத் தெரியாதவர்கள்

நடைப்பயண விடுமுறை என்று ஒன்றை இப்போது விற்கிறார்கள். பிரான்ஸின் ஓவெர்ன், துருக்கியின் கப்படோக்கியா என்று, எப்போதோ எரிமலை கக்கி அடங்கிப்போன மலைநாடுகளில் ஊர் ஊராக நடக்கலாம். நம் பெட்டி வேனில் அடுத்த ஊருக்கு முன்னாடியே போய்விடும். தோளில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மழைக்கோட்டும் இருந்தால் போதும். பொழுது சாயப் போய்ச் சேரும் வீட்டில் படுக்கை விரித்து, சூப் காய்ச்சி வைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் சில மாதங்களுக்கு முன்பே பணம் கட்டியாகிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. கையில் காசும் காலில் தெம்பும் இருந்தால் நானும் போவேன். ஆனால் அந்த ஏற்பாட்டில், வழியில் இருப்பவர் யாரும் நம்மை 'வாங்க' என்று கூப்பிட வேண்டிய தேவையே இல்லை.

எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1878இல் பிரான்ஸின் அந்த எரிமலைச் சீமையில்தான், லெ மொனாஸ்டியே என்ற ஊரில், ஒரு கழுதையை விலைக்கு வாங்கிக்கொண்டு தெற்கே நடந்தார். அந்தப் பயண நூலில் ஓர் இடம் எனக்கு மறக்காது. பைன் மரங்களுக்கு நடுவே திறந்தவெளியில் ஓர் இரவு சுகமாகத் தூங்கி எழுகிறார். கிளம்பும்போது, தங்கியதற்கு வாடகையாகப் புல்தரையில் காசுகளைப் போட்டுவிட்டுப் போகிறார். யாருக்கு அந்தக் காசு? மலைக்கா, மரத்துக்கா? விளையாட்டுத்தான். ஆனாலும் அந்த மனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். சும்மா கிடைத்ததைச் சும்மா வாங்கிக்கொள்ள முடியாத மனம் அது. சென்னையை அடுத்த ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிற எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதே மனம்தான்.

எரிமலை கட்டிய மலைநாடு நம் தேசத்திலேயே இருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து வழிந்த குழம்பு, அடுக்கின்மேல் அடுக்காக உறைந்து, இன்றைய மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியை மூடியிருக்கிறது. அங்கே மலைகளின் உச்சி தட்டையாக இருக்கும். சரிவுகள் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியும் ஒரு காலத்தில் ஓடிய நெருப்பாறு. அது மக்கித்தான் அங்கே கரிசல் மண் ஆனது. அந்த மண்ணில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் ஊர் ஊராக நடக்கிறார்கள். ஆளந்தியிலிருந்து பக்திக் கவி ஞானேஸ்வரரின் பாதுகைகளும் தேஹூவிலிருந்து துகாராமின் பாதுகைகளும் பல்லக்கில் புறப்பட்டு, ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போய்ச் சேர்கின்றன. இதுதான் வாரி. ஞானேஸ்வரர் பல்லக்குக்கு வழி ஏறக்குறைய 250 கிலோமீட்டர். மூன்று வாரம் பிடிக்கும்.

ஆளந்தியும் தேஹூவும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்குச் சிரிப்பு வரும். புனே பக்கத்துச் சாக்கண் தொழிற்பேட்டையை ஒட்டித்தான் இருக்கின்றன. இங்கே போலவே அங்கேயும் கார், பைக், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் நூறு கம்பெனி, விடியற்காலையில் ஆள் ஏற்றும் பஸ். வேலை விஷயமாக அங்கே போயிருந்தபோது டூல் ரூமில் பாதிப் பேரைக் காணோம். "வாரிக்குப் போயிருக்காங்க. ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க, திவே காட் வரைக்கும் நடக்கலாம்" என்றார் ஒருவர், எனக்குப் புரிகிற இந்தியில். புனேயைத் தாண்டிச் சாஸ்வட் போகும் வழியில் வரும் மலையேற்றம் அது. மழை தூறியது. தலையில் துளசி மாடம் சுமந்த பெண்கள், ஜால்ரா, பக்வாஜ், காவிக் கொடி. கீழே நின்று பார்த்தால் சாலையின் வளைவுகள் முழுக்க மனிதத் தலை. அங்கே எல்லாருக்கும் எல்லாரும் 'மாவ்லி', அதாவது தாய். சபரிமலைக்கு மாலை போட்டவரை நாம் 'சாமி' என்பதைப் போல, பல் விழுந்த கிழவர் என்னை 'மாவ்லி' என்று கூப்பிட்டு ஒதுங்கச் சொன்னார்.

ஏற்றம் முடிந்த இடத்தில் ஓர் அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். சோள ரொட்டி, அதன்மேல் கடலைமாவில் கிண்டிய பிட்லா, பக்கத்தில் ஒரு பச்சை மிளகாய். கையில் வைத்தார். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அவர் அதைப் பார்த்தார், சிரித்தார், அடுத்தவர் கையில் ரொட்டியை வைக்கத் திரும்பிவிட்டார். கூட வந்தவர் சொன்னார், அவருக்கு முழங்கால் வலியாம், பண்டரிபுரம் வரை நடக்க முடியாதாம். நடப்பவர் வயிற்றில் போகிற ரொட்டிதான் அவருடைய நடை.

அன்றைக்குக் கால் வலித்ததைவிடக் கை கூசியதுதான் எனக்கு நினைவிருக்கிறது. ஏன் கூச வேண்டும்? மாதம் முழுக்க எங்களுக்கு எதுவும் சும்மா வருவதில்லை. கேன்டீன் சாப்பாடு சம்பளத்தில் பிடித்தமாகும். பஸ்ஸில் ஏற அடையாள அட்டை வேண்டும். இது நான் உழைத்தது, ஆகவே இது என்னுடையது என்ற கணக்கு உடம்பில் ஊறிவிட்டது. அந்தக் கணக்கு நல்லதுதான், அது இல்லாமல் உரிமை கேட்க முடியாது. ஆனால் அதற்கு வெளியே ஒருவர் எதையாவது நீட்டினால் 'இவருக்கு என்ன வேண்டும்?' என்று சந்தேகம் வருகிறது. இல்லாவிட்டால் 'நான் என்ன பிச்சைக்காரனா?' என்று ரோஷம் வருகிறது. கொடுப்பதை நாம் எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டோம். வாங்கிக்கொள்ளத்தான் வரவில்லை.

வாரியைச் சொர்க்கமாக்கிக் காட்ட எனக்கு ஆசையில்லை. தண்ணீர் லாரி, போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் அரசு ஏற்பாடு. திண்டி என்கிற ஒவ்வொரு குழுவுக்கும் கூடாரமும் அடுப்பும் ஏற்றிய லாரி பின்னால் வரும். அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று பணம் உண்டு. இன்னும் கசப்பானதும் உண்டு. மானுடவியல் அறிஞர் ஐராவதி கர்வே இந்த வழியில் நடந்து எழுதிய கட்டுரையில், ஒரே பாட்டைப் பாடி ஒரே வழியில் நடந்தவர்கள் சாப்பிடும்போது சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்ததைச் சொல்லி வருந்துகிறார். மகார் சாதியில் பிறந்த பக்திக் கவி சோகாமேளரின் சமாதி இன்றும் பண்டரிபுரம் கோயில் படிக்குக் கீழேதான் இருக்கிறது. தலித்துகள் உள்ளே போக 1947இல் காந்தியவாதி சானே குருஜி உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக் கதையும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்தவர் இராமாநுசர். பூவிருந்தவல்லிக்கும் காஞ்சிக்குமாக நடந்துகொண்டிருந்த திருக்கச்சி நம்பியைத் தெருவில் பார்த்த இளைஞர் இராமாநுசர், வீட்டுக்கு அழைத்துச் சோறிட்டு, கால் பிடித்துவிடவும் போனார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்லும். நம்பி வேறு குலம், பதறிப்போனாராம். பின்னாளில் காஞ்சியில் அதே நம்பியை விருந்துக்கு அழைத்து, அவர் உண்ட மிச்சத்தைத் தான் உண்ண நினைத்தார் இராமாநுசர். அவரை அழைத்துவர ஒரு தெரு வழியாக இவர் போக, நம்பி வேறு தெரு வழியாக வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். வீட்டம்மா இலையை எடுத்து, இடத்தைக் கழுவி, தலைமுழுகி, புதிதாகச் சமைக்க உட்கார்ந்துவிட்டார். கதையில் எல்லாரும் அந்த அம்மாவைத்தான் குற்றம் சொல்வார்கள். அவருக்கு ஊர் சொல்லிக்கொடுத்தது அதுதான் என்பதை யாரும் சொல்வதில்லை.

நம்பி நடந்ததாகச் சொல்லும் அந்த ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் பெரும்பகுதி இன்றைக்குச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோடு போகிறது. கார் ஏற்றிய டிரெய்லர் போகும்போது ஓரத்தில் நிற்கிறவனை ஆட்டிவிட்டுப் போகும். சாலையை அகலப்படுத்தியதில் புளியமரங்களும் போய்விட்டன. உள்ளே இறங்கி, ஏரிக்கரை பிடித்து, ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை முருகன் கோயில் வரைக்கும், எழிச்சூர்ப் பக்கம் என்று நான் லீவு நாட்களில் நடப்பதுண்டு. எங்கள் சீமையில் எரிமலையும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி மலையும் இல்லை. ஆனால் வயதில் இளைத்ததல்ல. ஸ்ரீபெரும்புதூர் பெயரையே தாங்கிய மண்பாறை அடுக்குகளில் டைனோசர் காலத்து இலைத் தடங்கள் பதிந்திருக்கின்றன. தக்காணத்துக் குழம்பு வழிவதற்குப் பல கோடி ஆண்டு முந்தியவை அவை. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. ஆக, இந்தப் பக்கத்தில் மனிதன் நடப்பது புதிதில்லை.

ஆனால் இன்று காரணமில்லாமல் ஓர் ஊருக்குள் நடந்து பாருங்கள். "யாரு வூட்டுக்கு வந்தீங்க?" அடுத்த கேள்வி, "ரூம் பாக்கவா, பிளாட்டு பாக்கவா?" கேட்பவர் மேல் தப்பில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர்களுக்கு வெளியாள் வந்ததெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான். திண்ணை இருந்த வீடுகளை இடித்து வரிசையாகப் பத்து அறை கட்டியாகிவிட்டது. ஒவ்வோர் அறையிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பையன்கள் நாலைந்து பேர். உலகத்தின் எத்தனையோ மூலையிலிருந்து ஆட்கள் வந்து தங்கும் ஊர்கள் இவை. வந்தவர்களில் விருந்தாளி என்று ஒருவர் இல்லை.

2021 டிசம்பரில், பூவிருந்தவல்லிப் பக்கத்து விடுதியொன்றில் தங்கிச் செல்போன் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றதால், அதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைச் சிப்காட் கட்டி, முதலமைச்சர் திறந்துவைத்தார். தேவையான வேலை, வரவேற்கிறேன். சோறு நன்றாக இருக்க வேண்டும் என்பது உரிமை, யாருடைய அன்பையும் நம்பி அதை விட முடியாது. அதற்கு முன்னால், 2020இல் ஊரடங்கின்போது வாரிப் பாதுகைகளே பஸ்ஸில் பண்டரிபுரம் போயின. அதே ஆண்டுக் கோடையில் சென்னையைச் சுற்றியிருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்கு நடக்கத் தொடங்கினார்கள். அப்போது இரக்கப்பட்டுப் பொட்டலம் கொடுத்தோம், கொடுப்பதைப் படமும் எடுத்துக்கொண்டோம். அவர்கள் கை நீட்டியது வேறு வழியில்லாமல். அதை விருந்து என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் தேடுவது இந்த உரிமைக்கும் அந்த இரக்கத்துக்கும் நடுவே இருக்கிற ஒன்று. இரண்டு பக்கமும் தலை குனியாமல் கொடுத்து வாங்குவது. எங்கள் ஊர்களில் அது அடியோடு செத்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பார்க்கலாம். பக்கத்துத் தெருவில் அறை வாடகைக்கு விட்டிருக்கும் அக்காதான் போன ஆடியில் அண்டாவின் பக்கத்தில் நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். அறைப் பையன்கள் நால்வர் சற்றுத் தள்ளி நின்றார்கள், ஆளுக்கொரு டிபன் பாக்ஸோடு. "என்னடா பாத்துக்கினு நிக்கிறீங்க, இங்க வாங்கடா" என்று அவர்தான் சத்தம் போட்டார். ஒடிசாவின் கோராபுட் பக்கத்துப் பையன் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் மலர்ந்தான். அவன் ஊரிலும் கேழ்வரகுக் கூழ்தானாம். இரண்டாவது தடவை நீட்டும்போது "எவ்ளோ அக்கா?" என்று கேட்டான், கடையில் கேட்கிற அதே தமிழில். "கூழுக்கு எவன்டா காசு வாங்குவான்" என்று அவர் இன்னொரு சொம்பு ஊற்றினார். அவன் வெங்காயமும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அந்த அக்கா அறைக்குப் போய் வாடகையை எண்ணி வாங்கினார். கரண்டுக்கு யூனிட் கணக்கு தனி. பையன்கள் மீட்டரைச் சரிபார்த்துவிட்டு இரண்டு யூனிட் அதிகம் என்று சண்டை போட்டார்கள், அவரும் குறைத்துக்கொண்டார்.