சடங்குகளை எதனால் அளப்பது?

தந்தையை இழந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், அந்தியேட்டி முடிந்து பாடசாலைக்குத் திரும்பிய அன்று என்னிடம் வந்தான். "ஆத்மா உண்டு என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, சேர். ஆனாலும் குருக்கள் சொல்லித் தந்த மந்திரங்களைச் சொன்னேன், கொள்ளியும் வைத்தேன். நான் செய்தது பொய்தானே?" என்று கேட்டான்.

இதற்கு விடை கூறுவது எளிதன்று. பகுத்தறிவு பேசுவோர் 'பொய்யே' என்பர். மரபு பேசுவோர் 'சாத்திரம் விதித்ததைச் செய். கேள்வி கேளாதே' என்பர். எதிரும் புதிருமாகத் தோன்றும் இவ்விரு சாராரும் உண்மையில் ஒரே தவறையே செய்கின்றனர். சடங்கின் பொருள் முழுவதும் அதற்குப் பின்னாலுள்ள நம்பிக்கையிலேயே தங்கியிருப்பதாக இருவரும் கருதுகின்றனர். ஆனால் சடங்கு வெறுங் கருத்தன்று; பலர் கூடிச் செய்யும் செயல். எனவே அதன் நம்பிக்கை மெய்யா பொய்யா என்று கேட்பதோடு நின்றுவிட முடியாது. மனிதருக்கும் மனிதருக்கும் இடையே அச்செயல் எத்தகைய உறவை நிலைநாட்டுகிறது என்றும் கேட்டாக வேண்டும்.

சடங்குகள் அநாதியானவை என்ற எண்ணம் வரலாற்றுக்கு ஒவ்வாதது. தமிழ் இலக்கியம் பயின்றோர் இதனை நன்கறிவர். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே திருமணக் கரணம் வகுக்கப்பட்டது என்றும், மேலோர்க்குரியதாயிருந்த கரணம் பின்னர் கீழோர்க்கும் ஆயிற்று என்றும் தொல்காப்பியக் கற்பியல் கூறுகின்றது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் வரும் திருமணத்தில் வேள்வித் தீ இல்லை. மந்திரம் ஓதுவாரும் இல்லை. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர், பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகள் தலையிற் சொரிந்து வாழ்த்துகின்றனர். சிலப்பதிகாரத்திலோ முதிய பார்ப்பான் வழிகாட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். சமுதாயம் மாற, சடங்கும் மாறிற்று. மனிதர் ஆக்கிய ஒன்றை மனிதர் மாற்றுவதில் வியப்பில்லை.

ஆயின் மாறாத ஒன்றும் உண்டு. சடங்கு இல்லாத சமுதாயத்தைக் காண்பது அரிது. பிறப்பு, பருவம், திருமணம், சாவு ஆகிய வாசல்களைக் கடக்கும் மனிதன் பழைய நிலையினின்று பிரிகிறான். சிறிது காலம் இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கிறான். பின்னர் புதிய நிலையிற் சேர்க்கப்படுகிறான். வான் ஜெனெப் என்னும் அறிஞர் 1909இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலில் இம்மூன்று படிகளையும் பல நாட்டுச் சடங்குகளிலிருந்து எடுத்துக் காட்டினார். நமது சாவீட்டையே பாருங்கள். காடாத்து, எட்டுச் செலவு, அந்தியேட்டி எனத் துயரத்துக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அடுப்பெரியாத வீட்டுக்கு அயலார் சோறு கொண்டு வருகின்றனர். யூதர் ஏழு நாள் வீட்டிலிருந்து துயர் காக்கும்போதும் முதல் உணவு அயலாரிடமிருந்தே வரும். சிங்கள பௌத்தர் ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் இறந்தவர் பெயரால் தானம் கொடுப்பர். கூறப்படும் தத்துவங்கள் வேறு வேறு. இழந்தவனைத் தனியே விடாதிருத்தல் என்ற செயல் ஒன்றே.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்வோமாயின் நாம் பழமையின் வக்கீல்களாகி விடுவோம். ஏனெனில் அதே சாவீடுதான் யாழ்ப்பாணத்து நிலமானிய சமுதாயத்தின் கணக்கேடாகவும் இருந்தது. வெள்ளை கட்டுபவர் யார், பறை முழக்குபவர் யார், படலைக்கு வெளியே நிற்பவர் யார் என்பன பிறப்பினால் தீர்மானிக்கப்பட்டன. குடிமை என்று பெயர் பெற்ற அக்கட்டாய உழைப்பு, சடங்கின் புனிதப் போர்வைக்குள் ஒளிந்திருந்தது. ஒருவனின் துக்கத்துக்கு மதிப்பளிக்க இன்னொருவன் தாழ்ந்து நிற்க வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தம்மவரின் உடலை எரிக்கும் உரிமைகூட எளிதிற் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்தில் 1944இல் அவ்வுரிமைக்காக ஓர் உயிர் துப்பாக்கிக்குப் பலியாயிற்று. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. 'இனிப் பறை முழக்கமாட்டோம்' என்று சாவீட்டுக் குடிமையை மறுத்தவர்கள் சடங்கைக் கெடுத்தவர்கள் அல்லர். மனிதரைத் தாழ்த்தாமலே மனிதரை அடக்கஞ் செய்யலாம் என்று நமக்குக் கற்பித்த ஆசான்கள் அவர்களே.

இனி மறுபுறத்தையும் நோக்குவோம். கனடாவின் பசிபிக் கரையோரத்து ஆதிக்குடிகளிடையே 'பொட்லாச்' என்ற விழா உண்டு. பெயரிடுதல், திருமணம், இழவு முதலிய வேளைகளில் தலைவன் சுற்றத்தாரையும் அயலாரையும் அழைத்துத் தன் பொருளை வாரி வழங்குவான். வந்தவர்கள் அந்நிகழ்ச்சிக்குச் சாட்சிகளாவர். இது வீண் செலவு, நாகரிகத்துக்கு ஒவ்வாதது என்று கூறிக் கனேடிய அரசு 1884இல் தடைச் சட்டம் இயற்றியது. 1921இல் விழா நடத்தியோர் கைதாயினர். அவர்களுடைய முகமூடிகள் பறிக்கப்பட்டன. 1951இலேயே அத்தடை சட்டத்திலிருந்து நீங்கியது. பொட்லாச்சிலும் தலைவர்களின் உயர்வு தாழ்வு காட்டப்பட்டது உண்மையே. அதற்காக அத்தடையை முற்போக்கானது என்று நாம் கொள்ளலாமா? ஒருபோதும் இல்லை. பறையைக் கீழே வைத்தவன் தன் தோளிலிருந்த சுமையை இறக்கினான். முகமூடியைப் பறித்த அதிகாரியோ பிறர் நினைவை அழித்தான். சடங்கு நின்றுபோதல் இரண்டிடத்தும் ஒன்றுபோலத் தோன்றலாம்; நிறுத்தியவர் யார், யாருக்காக நிறுத்தினார் என்பதிலேயே நீதி தங்கியிருக்கிறது.

இவ்வுண்மையைக் கற்க நாம் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரல் முதல், நோயினால் இறந்த அனைவரையும் தகனமே செய்ய வேண்டுமென இலங்கை அரசு கட்டளையிட்டது. அடக்கமும் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. ஆயினும் முஸ்லிம் மக்களின் உறவினர் உடல்கள், பிறந்து இருபது நாளேயான குழந்தையின் உடல் உட்பட, அவர்தம் விருப்பத்துக்கு மாறாக எரியூட்டப்பட்டன. பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டி எதிர்ப்புத் தெரிவித்தனர். 2021 பெப்ரவரியில் அக்கட்டளை நீங்கியது; 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. 'எரித்தால் என்ன, புதைத்தால் என்ன, சடலந்தானே' என்று அன்று நம்மிற் சிலர் கூறினர். அது பொருள்முதல்வாதம் அன்று. பிறர் துயரைக் காண மறுத்த சோம்பல்.

ஆகவே சடங்கை அளக்கும் கோல் நம்பிக்கை மட்டுமன்று. அது யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது, அதன் சுமை யார் தோளில் ஏறுகிறது, அதை மாற்றும் உரிமை யார் கையில் இருக்கிறது ஆகிய வினாக்களே அக்கோல்.

அம்மாணவனிடம் நான் இவ்வாறு கூறினேன்: "தம்பி, நீ பொய் செய்யவில்லை. கொள்ளி வைத்தபோது உன் தந்தையின் ஆத்மாவைப் பற்றி நீ சாட்சி கூறவில்லை. அவருக்கு நீ கடன்பட்டவன் என்பதை ஊரறியச் சொன்னாய். ஆனால் உன் கடமை அத்துடன் முடியவில்லை. அன்று உன் தாய்க்கு என்ன நடந்தது?"

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், தாலியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னதாகவும், அடுத்த வருடம் நடக்கவிருக்கும் அக்காவின் கலியாணத்தில் பாலறுகு வைக்க அம்மாவை அழைக்கக்கூடாதென்று பெரியவர்கள் இப்போதே பேசிக்கொள்வதாகவும் கூறினான்.

பூவும் நெல்லும் சொரிந்த பழைய மணத்தில் புதல்வரைப் பெற்ற மகளிர்க்கே அவ்வுரிமை இருந்தது. இவனுடைய தாய் புதல்வனையும் பெற்றவள், மணமகளையும் பெற்றவள். அவளுக்கு அவ்வுரிமையும் இல்லை. அவனது நேர்மைக்கு உண்மையான சோதனை மயானத்தில் அன்று. அந்த மணப்பந்தலிலேயே காத்திருக்கிறது. மந்திரத்தை நம்பாத ஒருவன் தன் தாயின் கையைப் பிடித்து அழைத்துவந்து, 'முதலில் அம்மா வைக்கட்டும்' என்று சபையிற் சொல்வானாயின், அன்று அவன் ஒரு சடங்கை ஒழித்தவனாக மாட்டான். அதைத் திருத்தியவன் ஆவான். அவனருகே நிற்க நாமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.