ஒரு சிலையும் ஒரு கல்லும்

கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவில் பில் கிளிண்டனுக்கு ஒரு சிலை இருக்கிறது. 2009-இல் நடந்த திறப்பு விழாவுக்கு அவரே போயிருந்தார். செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் டாஷ்மைதான் பூங்காவில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதில் 16 பெயர்கள், கூடவே ஒற்றைச் சொல்லில் ஒரு கேள்வி: ‘ஏன்?’

1999-இல் நேட்டோ யுகோஸ்லாவியாமீது 78 நாட்கள் குண்டு வீசியது. சிலை, கல் இரண்டுமே அதன் நினைவாகத்தான் நிற்கின்றன.

ஈராக் போரை டிவியில் பார்த்து வளர்ந்தவன் நான். அந்நியத் தலையீடு என்றாலே ‘எல்லாம் எண்ணெய்க்காகத்தான்’ என்று முடித்துவிடுவேன். கொசோவோவில் அந்தப் பதில் நிற்கவில்லை. மிலோஷெவிச்சின் படைகள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர்களை அங்கிருந்து விரட்டின. ‘பெரும்பாலானவங்க குண்டு விழ ஆரம்பிச்ச பிறகுதானே விரட்டப்பட்டாங்க?’ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்பு, ஐ.நா. ‘பாதுகாப்பான பகுதி’ என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். யாரும் தலையிடாவிட்டால் என்ன ஆகும் என்பது கொசோவோ அல்பேனியர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, அப்போ அந்தக் கல்?

ஏப்ரல் 23 அதிகாலை நேட்டோ ஏவுகணை செர்பிய அரசுத் தொலைக்காட்சி நிலையத்தைத் தாக்கியது. அது பிரச்சார இயந்திரம் என்றது நேட்டோ. செத்த 16 பேரும் டெக்னீஷியன், காவலாளி, மேக்கப் போடுகிற பெண் என்று இரவு வேலையில் இருந்த ஊழியர்கள். பிறகு செர்பிய நீதிமன்றமே, ஊழியர்களை வெளியேற்றாததற்காக நிலையத்தின் இயக்குநருக்குப் பத்து வருடச் சிறை விதித்தது. அந்த ‘ஏன்?’ நேட்டோவை மட்டும் கேட்கும் கேள்வி அல்ல.

பாதுகாப்புச் சபையின் அனுமதி இல்லாமல் நடந்த இந்தப் போரை ஆராய்ந்த சுயேச்சையான சர்வதேச ஆணையம் 2000-இல் சொன்னது: சட்டவிரோதம், ஆனால் நியாயமானது. முதலில் படித்தபோது, ‘அப்பாடா, தீர்ந்தது’ என்றிருந்தது. இப்போது அந்த ‘ஆனால்’ உறுத்துகிறது. காப்பாற்றப்பட்டவர்களின் நன்றியை எடுத்து, கொல்லப்பட்டவர்களின் கணக்கை நேர்செய்ய முடியாது. இரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை.

கொசோவோவில் தலையிட்டிருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தத் தொலைக்காட்சி நிலையத்தைத் தாக்கியது குற்றம் என்றும் நினைக்கிறேன். முதல் வாக்கியத்தைப் பிரிஷ்டினாவில் சொல்வது சுலபம், இரண்டாவதைப் பெல்கிரேடில் சொல்வதும் சுலபம். இடம் மாறி நின்று சொல்ல எனக்குத் தைரியம் வருமா என்பதுதான் தெரியவில்லை.