இருவருக்காக ஒரு பயணம்

பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட நமது கெங்கவல்லியில், கோடை இரவுகளில் வாசலில் கட்டில் இட்டு உறங்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மின்சாரம் நின்றுபோனால் வானமே கீழிறங்கி வந்தாற்போல் தோன்றும். பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் நம்மிடம் வினவினான்: "ஐயா, நட்சத்திரமும் சாகுமா?" ஆசிரியப் பணியிலிருந்த நாம் கூறிய மறுமொழி: "அது பாடத்தில் இல்லை, தம்பி. தேர்வுக்கு உள்ளதைப் படி." அவன் மீண்டும் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம் இன்றும் நம்மை உறுத்துகின்றது.

அவ்வினாவுக்கு விடை தேடியவர் ஒரு தமிழரே. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல், தமது பத்தொன்பதாம் வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்திலேயே ஒரு கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, வெண்குறுமீனாக ஓய்ந்துவிடலாம். ஆனால் எஞ்சிய நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால் அவ்வாறு ஓய இயலாது என்பது அக்கணக்கு செப்பமுற்றபோது கிடைத்த முடிவு. 1935இல் இலண்டன் அவையொன்றில் பேரறிஞர் எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் நம்மை ஆட்கொள்வது அவருடைய வாழ்வின் வேறொரு நிகழ்ச்சியே. 1940களின் பிற்பகுதியில் அவர் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றினார். அங்கிருந்து சிக்காகோ பல்கலைக்கழகம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பனிக்காலத்திலும் வாரந்தோறும் காரோட்டிச் சென்று அவர் வகுப்பெடுத்தார். அவ்வகுப்பில் இருந்த மாணவர் இருவரே. லீ, யாங் என்னும் அவ்விருவரும் 1957இல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு அது கிட்டியதோ அதற்கும் இருபத்தாறு ஆண்டுகள் கழித்தே.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பெரும்பாலும் பரிசோடு முடித்துவிடுவர். உழைப்பு வீண்போகவில்லை என்று மகிழ்வர். நாம் சற்றே தயங்குகின்றோம். அவ்விருவரும் பெயரறியா ஆசிரியர்களாகவே வாழ்ந்து மறைந்திருந்தால், அப்பனிவழிப் பயணம் வீணாகியிருக்குமா? கார் புறப்பட்ட காலையில் எந்தப் பரிசும் கண்ணுக்குத் தென்படவில்லை. கற்க விரும்பிய இருவர் காத்திருந்தனர், அவ்வளவே. அச்செயல் அறமாக இருந்ததெனின், அன்றே அது அறம். சந்திரசேகர் கடவுள் நம்பிக்கையற்றவராகவே தம்மைக் கூறிக்கொண்டவர். எனினும், தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனை நாம் இங்கே நினையாதிருக்க முடியவில்லை. அந்த ஆடு மந்தையிலேயே சிறந்தது என்பதற்காகவா அவன் சென்றான்?

அரிய அறிவாளியின் நேரம் உலகுக்கே சொந்தமன்றோ, அதனை ஆய்வுக்கன்றி இருவருக்காகச் செலவிடலாமா என வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், சந்திரசேகர் ஆய்வையும் கற்பித்தலையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. ஒரு துறையில் ஆண்டுக்கணக்கில் மூழ்கி ஆய்வார்; அத்துறையைத் தெளிவாக நூலாக்குவார்; பிறகு வேறு துறைக்குச் செல்வார். தாம் கண்டதைப் பிறர் கைக்குச் சேர்ப்பதும் ஆய்வின் பகுதியே என்பது அவ்வாழ்வு காட்டும் பாடம். அவர் மறைந்த 1995இல் வெளிவந்த இறுதி நூல், நியூட்டனின் பிரின்சிப்பியாவைப் 'பொது வாசகருக்கு' விளக்க முற்பட்டது. அப்பொது வாசகரும் கணிதம் அறிந்திருக்க வேண்டும் என்பது உண்மையே. எனினும், எண்பதைக் கடந்த வயதிலும் அவர் மனம் கற்போரையே நோக்கியிருந்தது.

நாமோ அறிஞர் அல்லர். ஆயினும் நம் வாசலிலும் கேட்பவர் உண்டு. ஜவ்வாது மலையின் காவலூரில், 1986 முதல் வைணு பாப்பு பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி வானைப் பார்த்து நிற்கின்றது. அது நமக்குத் தொலைவன்று. குழந்தை கேட்டதற்கு விடை தெரியாவிடில், "தெரியாது, சேர்ந்து தேடுவோம்" எனச் சொல்வதற்குப் பட்டம் ஏதும் தேவையில்லை. அதற்கு நேரமும் தாழ்மையும் போதும்.

அன்று அம்மாணவனுக்கு நாம் மறுத்தது விடையை அன்று. உடன் அமர்ந்து வானைப் பார்க்கும் அரைமணி நேரத்தை. ஆம் தம்பி, நட்சத்திரமும் சாகும். இதைச் சொல்ல நமக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.